நோய் வந்த இலை

மனித குலத்துக்கே நேர்மையைக் கற்றுத் தந்தவை தாவரங்கள்தாம் என்று வெள்ளறடை நூலகக் கூட்டத்தில் முழங்கினார் பேராசிரியர் பூதலிங்கம். அறைக்குள்ளும் கறுப்புக் கண்ணாடியை அவர் கழற்றவில்லை.

பொன்னப்பன் எழுந்தார். "சாரே, எனக்க நல்லமொளவு கொடியில ஒரு எலையில புள்ளி உண்டு. கொடிய மூடோட பிடுங்கணுமுன்னு வீட்டுக்காரி நிக்கா."

"மிளகுக் கொடியப் பிடுங்காதீரும் ஓய். அந்த எலைய மட்டும் கிள்ளிக் களையும். நோய் வந்த இலை அதை மறைக்காது. உடனே கொடி முழுக்கச் சேதி அனுப்பும். மற்ற இலைகள் முன்கூட்டியே தயாராகிவிடும். இந்தப் பொறுப்பு மனுசனுக்கு உண்டா?"

கண்ணாடிக்கு அடியில் கண்ணீர் வழிந்தது. உருகிப்போன பொன்னப்பன் தன் தோளில் கிடந்த துவர்த்தை நீட்டினார். பேராசிரியர் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். பொன்னப்பன் வீட்டுக்கு வந்து அதிலேயே முகம் துடைத்தார். கொடியைப் பிடுங்கவில்லை.

நாலாம் நாள் அவர் மனைவி சத்யபாமா கொடியைப் பார்த்துவிட்டு வந்தாள். "வேற ஒரு எலையிலயும் புள்ளி இல்ல. கொடி தப்பியாச்சு."

"அப்பாடா. சாரு சொன்னது சத்தியமாக்கும்."

"அந்தச் சாருக்கு அண்ணைக்கே செங்கண்ணாக்கும், மெட்ராஸ் ஐ. ஒருத்தரிட்டயும் சொல்லல்ல. ஆஸ்பத்திரியில அவருக்க வீட்டுக்காரி சொன்னா."

கொடியைப் போய்ப் பார்க்கப் பொன்னப்பனுக்கு ஆசைதான். ஆனால் காலையிலிருந்து அவருக்கு இரண்டு கண்ணும் திறக்கவில்லை.