பொய்ப் பேர் வேண்டாம்

"எனக்கு அந்தப் பையன் வேண்டாம்னு சொல்லியாச்சு. இன்னும் என்னப்பா துப்புத் துலக்கறீங்க?" மேக்னாவுக்குச் சலித்துவிட்டது.

கோவிந்தராஜன் கம்ப்யூட்டரை விட்டு நகரவில்லை. "ஊருக்கே தெரியற மாதிரி ஆர்குட்ல அவன் போட்டிருக்கறதைத்தானே பார்க்கறேன்?"

"பார்த்துத் தொலைங்க. பொய்ப் பேர்ல மட்டும் போகாதீங்க, அது தப்பு."

அடுத்த வாரம் முழுக்க அவர் அந்தப் பக்கத்தைக் குடைந்தார். சனிக்கிழமை, ஊரின் மறுகோடியில் இருக்கும் சால்ட் லேக்கிலிருந்து பையனின் அம்மா மேக்னாவுக்கு போன் செய்தாள்.

"யார் வந்து பார்த்தாங்கன்னு ஆர்குட்ல காட்டுமாமே. தினமும் உன் பேர்தான் வருதாம். இவ்வளவு ஆசையை வச்சுக்கிட்டு ஏன் கண்ணு பிகு பண்ணே? நாளைக்கே பூ வைக்க வர்றோம்."

மேக்னா அப்பாவை முறைத்தாள்.

"பொய்ப் பேர் தப்புன்னு நீதானேம்மா சொன்னே?" என்றார் அவர். "அதான் உன் பேர்லயே போனேன்."