ஊர்க்காரர்களுக்கு மட்டும்

“சசிரேகா!” என்று மேசையிலிருந்து கூப்பிட்டார்கள்.

என் பக்கத்தில் நின்ற குழந்தை அசையவில்லை. முழங்கையால் ஒரு இடி இடித்தேன்.

“உன்னத்தான்டி.”

அப்புறம்தான் அதற்கு நினைவு வந்தது, இன்றைக்கு அதன் பேர் சசிரேகா என்று.

நிஜப் பேர் உச்சிமாகாளி. என் வீட்டுக்குப் பின்னால் நான் கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் ரூம்களில் ஒன்றில் குடியிருக்கிற செல்வலட்சுமியின் மகள். நாங்குநேரிப் பக்கத்துக்காரர்கள். எங்கள் சேரப்பணஞ்சேரியில் எவனும் பிள்ளைக்கு அப்படிப் பேர் வைக்கமாட்டான். பேரைச் சொன்னாலே வெளியூர் என்று தெரிந்துவிடும்.

சசிரேகா என் மகன் வயிற்றுப் பேத்தி. அம்பத்தூரில் இருக்கிறாள். பேர் மட்டும் இன்னும் என் ரேஷன் கார்டில் கிடக்கிறது. அந்தக் கார்டு என் சட்டைப்பையில் வேர்வையோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

நகராட்சியும் பள்ளிக்கூடமும் சேர்ந்து நடத்துகிற முகாம். இல்லாதப்பட்ட குடும்பங்களுக்காம். மைதானத்தில் பந்தல். ஒரு மேசையில் நோட்டுப் புத்தகம், ஒரு மேசையில் யூனிபாரம், கடைசி மேசையில் கண் பரிசோதனையும் இலவசக் கண்ணாடியும். பந்தலுக்குள்ளே உயரத்தில் பெரிய பேனர். அதில் யார் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். கீழே நிறைய எழுத்து.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆபீஸ்காரன் சும்மா கொடுக்கிறேன் என்று வந்தால் நான் முதலில் என் மடியைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். ஒரு தடவை நம்பி, நீட்டின தாளில் கையெழுத்துப் போட்டேன். இன்றைக்கு என் நிலத்தில் கன்டெய்னர் லாரி நிற்கிறது.

ஆனால் போன வாரம் ஒரகடம் ரோட்டில் கம்பெனி பஸ் ஹாரன் அடிக்க அடிக்க இந்தக் குழந்தை நடு ரோட்டில் நின்றது. பஸ் எந்தப் பக்கம் வருகிறது என்று அதற்குத் தெரியவில்லை. சட்டையைப் பிடித்து இழுத்துப் போட்டேன்.

அம்மாக்காரிக்குக் கம்பெனியில் பகல் ஷிப்ட். லீவு கேட்டால் லைனிலிருந்து தூக்கிவிடுவார்கள் என்று பயம். அதனால் நான் வந்தேன்.

டீக்கடை சின்னப்பையன் நேற்றே சொல்லிவிட்டான்.

“ஊர்க்காரங்களுக்கு மட்டும்தான் பெரியவரே. ரூம் ஜனங்களுக்கு இல்ல, கார்டு கேப்பாங்க. நீ இன்னாத்துக்கு அந்தத் திருநெல்வேலி அல்வாவத் தூக்கினு அலையற?”

அதனால்தான் பேரை மாற்றினேன். வழியெல்லாம் இன்னொன்றும் சொல்லிக்கொண்டே வந்தேன். எழுத்தைக் கேட்டால் எழுத்தை மட்டும் சொல். வேறு வாய் திறக்காதே. திறந்தால் உன் ஊர் வெளியே வந்துவிடும்.

மேசையில் ஒரு இளவட்ட வாத்தியார். “பாப்பா உங்களுக்கு என்ன வேணும் தாத்தா?”

“பேத்தி.”

கார்டை எடுத்து நீட்டினேன். வாங்கவில்லை. “இருக்கட்டும், மொதல்ல கண்ணப் பாப்போம்” என்றார்.

வேண்டாம் என்கிறானே, இதில் ஏதோ இருக்கிறது என்று கார்டைக் கையிலேயே இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

கண் பார்க்கிற அம்மா குழந்தையின் மூக்கில் ஒரு கனத்த இரும்பு வளையத்தை மாட்டி, வில்லைகளை ஒவ்வொன்றாகச் செருகினாள். தூரத்தில் எழுத்து அட்டை. குழந்தை மெதுவாகச் சொன்னது. சொன்னது பாதி தப்பு.

கேட்டைப் பார்த்தேன். வாட்ச்மேன் என்னையே பார்ப்பதுபோல் இருந்தது. வேட்டியை அவிழ்த்து மறுபடி கட்டினேன்.

“இப்ப எப்படிம்மா?” இன்னொரு வில்லையைச் செருகினாள்.

குழந்தை அட்டையைப் பார்க்கவில்லை. தலையை மேலே தூக்கியது.

“தாத்தா, எல்லாம் தெரியுதுலா! அங்கன எழுதியிருக்கு!”

போச்சு. மொத்த நாங்குநேரியும் பந்தலுக்குள் வந்துவிட்டது.

சொன்னதோடு நிறுத்தவில்லை. எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தது.

“இங்கு... வசிக்கும்... எல்லாக் குழந்தைகளும்... வரலாம். எந்த ஊராக... இருந்தாலும் சரி. கார்டு... தேவையில்லை.”

காலையிலிருந்து நானும் அந்தப் பேனருக்கு நேரே கீழேதான் நின்றிருந்தேன். எழுத்துக் கூட்ட எனக்கு நேரம் பிடிக்கும். கூட்டியிருந்தாலும் நம்பியிருக்கமாட்டேன். நான் நம்பினது டீக்கடைக்காரனை.

குழந்தை என் பக்கம் திரும்பியது. அந்த வட்ட வில்லைக்குள் கண் இரண்டும் எனக்கு வேறு யாருடையதோபோல் தெரிந்தன.

“தாத்தா, ஒங்க மூக்குல மரு இருக்கு.”

கண் பார்க்கிற அம்மா சிரித்துவிட்டாள். வாத்தியார் சிரிக்கவில்லை. பேனாவைத் திறந்தார்.

“கண்ணாடி செஞ்சு வரும்போது டப்பா மேல பேர் சரியா இருக்கணும் தாத்தா. சசிரேகாதானா?”

கார்டைச் சட்டைப்பைக்குள் திருப்பிப் போட்டேன்.

“உச்சிமாகாளி. அம்மா பேரு செல்வலட்சுமி. நாங்குநேரி. நம்ம ரூம்லதான் குடியிருக்காங்க.”

எழுதிக்கொண்டார். தலையைத் தூக்காமலே கேட்டார்.

“அப்ப கூட்டினு வந்தவரு? வீட்டு ஓனர்னு போடட்டுமா?”

எதைப் போட்டாலும் கண்ணாடி வரும். இனிமேல் பொய் சொல்ல ஒரு அவசியமும் இல்லை.

“மொதல்ல இன்னா சொன்னனோ அதான். பேத்தி. எழுது.”

எழுதினார். எழுதிவிட்டார் என்று நான் எப்படி நம்புவது? குனிந்து, விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் பார்த்தேன்.

சரியாகத்தான் எழுதியிருந்தார்.