இருபத்தாறு நாள்

பாரஸ்ட்டுக்காரர் குந்திவிட்டார். கூடைக்கு நேர் எதிரே.

கொட்டகை வாசலில் நின்ற அவள் கூடையைப் பார்க்காமல் மாட்டைப் பார்த்தாள்.

யாரோ துப்புக் கொடுத்திருக்கிறார்கள். மயில்கறி தேடி வீட்டை அலசியாயிற்று. பிரிட்ஜைத் திறந்து பார்த்தார். உர மூட்டைகளைப் புரட்டினார். ஒன்றும் அகப்படவில்லை. கிளம்பிவிடுவார் என்று பார்த்தால், மாட்டுக் கொட்டகைக்குள் தலையை நீட்டினார். காக்கிச் சட்டைக்கு இங்கே என்ன வேலை?

கூடையில் செவலை. அடைக்கோழி.

"எங்கூட்லயும் அம்மா இப்பிடித்தான் வெப்பாங்க," என்றார் பாரஸ்ட்டுக்காரர்.

கூடை ஓரத்தில் ஒரு கரித்துண்டு, ஓர் ஆணி, ரெண்டு வரமிளகாய். இடி இடித்தால் முட்டை கெடாமல் இருக்க வைப்பது.

கோழி வளர்த்த வீட்டு ஆள். போச்சு.

அவள் புருஷன் நாச்சிமுத்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனுக்குக் கூடையைப் பற்றிப் பயமில்லை. பயமெல்லாம் கிணற்று மேட்டைப் பற்றி. அங்கேதான் மயிலைப் புதைத்திருந்தான்.

வேண்டுமென்று செய்யவில்லை. சத்தியமாக இல்லை. சோளக்காட்டை உழுதான். டிராக்டர் சத்தம் கேட்டால் எந்த மயிலும் பறந்துவிடும். அது முட்டையிட்டு முடித்து அப்போதுதான் அடை உட்கார்ந்திருந்தது. எழுந்திருக்கவில்லை, பாவி.

நாலு முட்டை மட்டும் தப்பியது.

"அதையும் சேத்துப் பொதச்சுரு. வெளிய தெரிஞ்சா செயிலு," என்றான். ரெண்டு நாள் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள்தான் முட்டைக் குழம்பு ஊற்றிக் கொஞ்சம் தின்றான்.

அது செவலையின் முட்டை.

செவலைக்கு அடியில் இருந்ததை எடுத்துவிட்டு, மடியில் கட்டி வந்த நாலையும் அவள் வைத்திருந்தாள். அவனிடம் புதைத்துவிட்டதாகச் சொன்னாள். ஏன் செய்தாய் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

முட்டை சூடாக இருந்தது. அவ்வளவுதான்.

செவலை இறகைச் சிலிர்த்துக்கொண்டு உறுமியது. கொத்துடி என் ராசாத்தி, என்று மனசுக்குள் கெஞ்சினாள். கையை நீட்டினால் சதையைப் பிடுங்கி எடு.

அவர் கையை நீட்டவில்லை. முழங்காலில் கை ஊன்றி எழுந்தார்.

அவளுக்கு மூச்சு வந்தது.

"அடை வெச்சு எத்தன நாளாச்சுங்க்கா?"

போகிற போக்கில் கேட்டது.

"இருபத்தாறு நாளுங்க."

வாய் முந்திக்கொண்டது. தினமும் விடிந்ததும் கொட்டகைச் சுவரில் கரியால் ஒரு கோடு போட்டு எண்ணுகிறவளுக்கு வேறென்ன வரும்?

அவர் நின்ற இடத்திலேயே நின்றார்.

மயிலுக்கு இருபத்தெட்டு நாள், கோழிக்கு இருபத்தொரு நாள். பொரித்தால் அதில் பொரிக்கும், இல்லையென்றால் கூமுட்டை. கூமுட்டையை எந்தக் கிறுக்கியாவது இருபத்தாறு நாள் காப்பாளா?

நாச்சிமுத்து அவளைப் பார்த்தான். அவனுக்கும் அப்போதுதான் விளங்கியது.

"பதனாறுங்க," என்றான் அவசரமாக. "பதனாறுன்னு சொல்ல வந்தா."

பாரஸ்ட்டுக்காரர் சுவரைப் பார்த்தார். கோடுகளை எண்ணினார். உதடு அசைந்தது.

மறுபடி குந்தினார். செவலைக்கு அடியில் கையை விட்டார். அது கொத்தியது. மணிக்கட்டில் ரத்தம் வந்தது. அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

முட்டை வெளியே வந்தது. உள்ளங்கைக்கு அடங்காத பெரிசு.

காதில் வைத்துக் கேட்டார்.

மாடு அசைபோடுகிற சத்தம்.

"உள்ள கத்துது," என்றார். எடுத்த இடத்திலேயே வைத்தார்.

"தாய் எங்கீங்ணா?"

நாச்சிமுத்துவின் கண் கிணற்று மேட்டுக்குப் போய்த் திரும்பியது. அவருக்கு அது போதும்.

கை ரத்தத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இப்ப நகத்துனா குஞ்சு செத்துரும். நாளான்னிக்குக் காலைல ஜீப்போட வர்றேன். குஞ்சுகள எடுத்துக்கறேன். அண்ணா, நீங்களும் வரோணும்."

அவருடைய பைக் போய்விட்டது.

நாச்சிமுத்து கூடைக்குப் பக்கத்தில் வந்தான். திட்டியிருந்தால்கூடத் தேவலை. கூடையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

நாலு முட்டை. ஒரு மிதி. முட்டையும் இல்லை, மேட்டைத் தோண்டினால் மயிலும் இல்லை என்றால் எந்தக் கேஸ் நிற்கும்? அது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். செய்யாதே என்று சொல்ல அவளுக்கு எந்த முகம் இருக்கிறது?

ராத்திரியெல்லாம் விழித்தே கிடந்தவள் விடிகிற நேரத்தில் கண் அசந்துவிட்டாள்.

விழித்தபோது பக்கத்தில் அவன் இல்லை. கதவோரம் மண்வெட்டியும் இல்லை.

ஓடினாள். முந்தானை தரையில் இழுபட்டது.

கொட்டகைக் கதவுக்கு அடியில் கீரி நுழைகிற சந்து ஒன்று உண்டு. அதில் புது மண் அடைத்துக் கெட்டித்திருந்தது. மண்வெட்டி பக்கத்தில் சாய்ந்திருந்தது.

செவலை கூடையில் இருந்தது. அவளைப் பார்த்து உறுமியது. எதிரே கிண்ணம் நிறையத் தண்ணீர்.

சுவரில் இருபத்தேழாவது கோடு போட்டாயிற்று. கொஞ்சம் கோணல்.

மாட்டுக்குப் பக்கத்தில் நாச்சிமுத்து உட்கார்ந்திருந்தான். விரலெல்லாம் கரி.