முப்பது அங்குலம்

இன்ஸ்பெக்டர் மறுபடியும் அளந்தார்.

இரும்பு டேப்பின் கொக்கி துப்பாக்கிக் குழலின் நுனியைக் கவ்வி நின்றது. இருபத்தேழரை.

லைசென்ஸ் புத்தகத்தில் முப்பது என்று இருந்தது. பதினொரு வருடத்துக்கு முந்தைய நீல மை. எதிர்ப்பக்கத்தில், மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவளின் புருஷன் வேலப்பனின் போட்டோ. ஸ்டூடியோக்காரன் சிரிக்காதே என்று சொன்னதால் முறைத்துக்கொண்டிருந்தான்.

அவள் மடியில் ஒரு பழைய வேட்டி சுருண்டு கிடந்தது. துப்பாக்கியைச் சுற்றி வீட்டுக்கு எடுத்துப் போவதற்காகக் கொண்டுவந்தது.

எட்டு மாதமாக நடந்திருந்தாள். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மாமனாரின் சம்மதக் கடிதம். லைசென்ஸை அவள் பேருக்கு மாற்ற, ஸ்டேஷன் ரிப்போர்ட் ஒன்றுதான் பாக்கி.

"குழலை அறுத்திருக்கு," என்றார் இன்ஸ்பெக்டர்.

துப்பாக்கியை உள்ளறை அலமாரியிலிருந்து எடுத்து வந்த ஏட்டு பொன்னுரங்கம், டேப்பைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் அந்த அலமாரி தெரிந்தது. நெஞ்சு உயரத்தில், நிறுத்திவைத்த துப்பாக்கியின் நுனி எட்டும் இடத்தில், கதவின் ஓரம் நசுங்கி, சாத்தினாலும் மூடாமல் நின்றது.

அவள் நுனியைப் பார்த்தாள்.

குறி பார்க்க அங்கே ஒரு பித்தளை மணி இருக்கும். கடுகளவு. அது இல்லை. அறுத்த இடம் வெள்ளை வெளேரென்று இருந்தது.

தேர்தல் அறிவித்தால் ஊரில் இருக்கிற லைசென்ஸ் துப்பாக்கியெல்லாம் ஸ்டேஷனுக்கு வந்துவிட வேண்டும். வேலப்பனும் கொண்டுவந்து கொடுத்தான். 'ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று' என்று ரசீது எழுதினார்கள். அன்றைக்கு யாரும் டேப்பைத் தேடவில்லை.

பன்றிக்குத் தேர்தல் கிடையாது.

ஓட்டுப் போட ஆறு நாள் இருக்கும்போது மக்காச்சோளத்துக்குள் இறங்கியது. வேலப்பன் தகர டப்பாவையும் தடியையும் எடுத்துக்கொண்டு ஓடினான். தொடையைக் கிழித்துப் போட்டது. ஆம்புலன்ஸ் மலையடிவாரம் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

துப்பாக்கி இங்கே பத்திரமாக இருந்தது. அப்படித்தான் சொன்னார்கள்.

"பாரும்மா. கலெக்டர் அனுமதி இல்லாம குழலை ஒரு நெல்லளவு குறைச்சாலும் குத்தம். ஒளிச்சு எடுத்துட்டு வேட்டைக்குப் போறவன்தான் அறுப்பான். உன் வீட்டுக்காரர் அறுத்தார்னு எழுதிக் குடுத்துடு. செத்தவர் மேல கேஸ் நிக்காது. துப்பாக்கி அரசாங்கத்துக்குப் போயிடும். உனக்கு ஒரு தொந்தரவும் வராது."

ஒரு காகிதத்தை அவள் பக்கம் தள்ளினார்.

டைப் அடித்தே வைத்திருந்தார்கள். 'என் கணவர் வேலப்பன், வேட்டைக்குச் செல்லும் பொருட்டு, மேற்படி துப்பாக்கியின் குழலை...' ஒரு எழுத்துப் பிழை இல்லை. கீழே கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள்.

அளந்தது இப்போது. டைப் அடித்தது எப்போது?

அவளுக்கு உச்சந்தலை எரிந்தது. முயலைக்கூடச் சுடாதவன். பன்றியை விரட்டவும் மேலே பார்த்துத்தான் சுடுவான். அந்த மனுஷனைக் கொன்றது போதாதென்று, செத்த பிறகு திருடனாகவும் ஆக்கப் பார்க்கிறார்கள். அதற்கு அவளே கையெழுத்துப் போட வேண்டுமாம்.

ஏட்டு தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தார். அழுவாள் என்று நினைத்தார் போல.

அவள் டம்ளரைத் தரையில் வைத்தாள். காகிதத்தை ஓரம் தள்ளினாள். மேஜை மேல் வேட்டியை விரித்தாள்.

ஒவ்வொரு அமாவாசைக்கும் வேலப்பன் துப்பாக்கிக்குத் தையல் மெஷின் எண்ணெய் போடுவான். துடைத்து, தோளில் முட்டும் மரக்கட்டையின் அடியை வேட்டிக் கரையோரம் வைத்து, இந்த வேட்டியில் சுற்றுவான். ஒரு விரல் தள்ளியிருந்தாலும் பிரித்து மறுபடி சுற்றுவான். பச்சைக் குழந்தைக்குக்கூட இவ்வளவு பக்குவம் பார்க்க மாட்டார்கள் என்று அவள் கேலி செய்திருக்கிறாள்.

கடைசியாகச் சுற்றியது, இங்கே கொண்டுவந்த அன்று. 'துணியெல்லாம் எதுக்கு, எடுத்துட்டுப் போ' என்று திருப்பிக் கொடுத்தது இதே ஏட்டுதான்.

பதினொரு வருட எண்ணெய், வேட்டியில் துப்பாக்கியாகவே படிந்திருந்தது. கட்டை. விசை வளையம். நீளமாகக் குழல். நுனியில், தனியாக, கடுகளவு ஒரு புள்ளி.

அவள் துப்பாக்கியை எடுத்தாள். யாரும் தடுக்கவில்லை. கட்டையின் அடியைக் கரையோரம் வைத்து, கறையின் மேல் படுக்க வைத்தாள்.

கட்டை பொருந்தியது. வளையம் பொருந்தியது.

குழல் முடிந்துவிட்டது. கறை முடியவில்லை.

இன்ஸ்பெக்டரின் டேப்பை அவளே இழுத்து, மிஞ்சிய கறையின் மேல் வைத்தாள். இரண்டரை.

"இந்த மிச்சத்தைக் கொண்டாந்து இங்க வைங்க சார். அப்பறம் போடறேன் கையெழுத்து."

இன்ஸ்பெக்டர் அவளைப் பார்க்கவில்லை. ஏட்டைத் திரும்பிப் பார்த்தார்.

ஏட்டு மெல்ல நகர்ந்தார். உள்ளறைக்குப் போய், குழல் நுனியோடு சேர்ந்து நசுங்கிய அலமாரிக் கதவை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றார்.