கூடையில் போன புறா

"இன்னிக்கு எந்தப் புறா அண்ணே? கடல்ல விழுந்தா நாங்க இருக்கிற இடத்த அதுதான் வந்து சொல்லணும். சோம்பேறியக் குடுத்துடாதீங்க" என்றான் விமானி ஆலன், தேநீரை உறிஞ்சியபடி.

"என் ராணியவே அனுப்புறேன், போதுமா? பந்தயத்துல தோத்ததே இல்ல" என்றார் அந்த உலகப் போர்க்கால விமானத்தளத்தில் தூதுப் புறாக்களைப் பார்த்துக்கொண்ட வில்ஃப்.

அன்று ஆலனின் குண்டுவீச்சு விமானம் வட கடலில் விழுந்தது. கூடையில் போன புறா வரவில்லை. ஆறு தோழர்களும் ஆலனும் வரவில்லை.

மறுவாரம் அவன் மனைவி நோரா புறாக்கூண்டுக்கு வில்ஃபைத் தேடி வந்தாள்.

"ராணி எங்களோட வருது, பயப்படாதேன்னு அன்னிக்கு எழுதியிருந்தாரு. நீங்க ஆசையா வளர்த்ததாமே. எங்களால உங்களுக்கும் இழப்பு ஐயா."

வில்ஃப் கூண்டை மறைத்தாற்போல் நகர்ந்து நின்றார். ராணியை இழக்க மனம் வராமல், அன்று அவர் கூடையில் வைத்தது இன்னும் வழி பழகாத ஓர் இளம் புறாவை.

அவருக்குப் பின்னால் ராணி வழக்கம்போல் பட்டாணி கொத்திக்கொண்டிருந்தது.