மென்மையாகச் சொல்ல வேண்டியவை

போருக்குப் பிறகு எங்கள் யூதத் தெருவில் மிஞ்சியவர்கள் நானும் ஜெலிக்கும்தான். எரியாமல் தப்பிய தல்மூத் என்ற எங்கள் மறைநூல் ஒன்றை இருவரும் சேர்ந்து படித்துவந்தோம். வெள்ளிக்கிழமை பொழுது சாயும்போது, ஓய்வுநாள் தொடங்குமுன், ஆண் தன் வீட்டாரிடம் மூன்று சொல்ல வேண்டும் என்கிறது அது: விளைச்சலில் தசமபாகம் பிரித்தாயிற்றா, ஒரே முற்றத்து வீட்டாருக்கெல்லாம் பொதுவாக ரொட்டி வைத்தாயிற்றா, விளக்கை ஏற்றுங்கள். அதையும் மென்மையாகச் சொல்ல வேண்டும்.

"வீட்ல யாருமில்லாதவன் யார்கிட்டய்யா சொல்றது?" என்றேன்.

"சுவத்துகிட்ட சொல்லு. ஹென்னா மாதிரி எதுத்துப் பேசாது." மாண்டுபோன என் மனைவியைக் கேலி செய்ய இனி அவன் ஒருவன்தான் மிச்சம். "சரி, நான் வரேன். நீ கேளு, நான் பதில் சொல்றேன்."

அந்த வெள்ளிக்கிழமை மாலை வந்தான். முதல் கேள்விக்கு "ஆச்சு" என்றான். இரண்டாவதற்கு, "ஆச்சு, ஆச்சு, அவசரப்படுத்தாதீங்க" என்று ஹென்னாவைப் போலவே சிணுங்கினான். சிரித்துவிட்டேன். பிறகு, "விளக்கை ஏத்தும்மா" என்றேன். என் குரல் தானாகவே தணிந்திருந்தது.

தீக்குச்சியை உரசப்போனவன் நிறுத்தினான்.

"இது என்கிட்ட சொன்னதில்லையே" என்றான்.

தீப்பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தான். ஜன்னலில் வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. முழுதாக இருட்டி ஓய்வுநாள் பிறந்துவிட்டால் நெருப்பைத் தொடக் கூடாது. இருவருமே எழுந்திருக்கவில்லை.