பிலிம் இல்லாத கேமரா

“பிலிம் இல்லியே?”

“இல்லம்மா. இந்தப் பழைய கேமராவை இப்பதான் சரி பண்ணி முடிச்சேன். ஃபோகஸ் பார்க்க ஒரு முகம் வேணும், அவ்வளவுதான்.”

சிகிச்சையில் முடி கொட்டியதிலிருந்து, படம் எடுக்க அவர் மனைவி யாரையும் விட்டதில்லை. ஸ்கார்ஃபை இறுக்கிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

அவர் சொன்னது பொய். உள்ளே பிலிம் இருந்தது. தெரிந்தால் வீடு இரண்டாகிவிடும்.

கேமராவுக்குள் அவள் இரண்டு முகமாகத் தெரிந்தாள். ஃபோகஸ் வளையத்தைத் திருப்பினார். இரண்டும் மெல்ல ஒன்றாயின. க்ளிக். அடுத்த படத்துக்காக லீவரைத் தள்ளினார்.

அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தவள், ஸ்கார்ஃபை அவிழ்த்து மடியில் வைத்தாள். சிரித்தாள்.

க்ளிக்.

அவருக்கு மனசு கேட்கவில்லை. “உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்...”

“பிலிம் இருக்கு. அதானே?”

“எப்படித் தெரியும்?”

“லீவரைத் தள்ளினப்போ அந்தப் பக்கக் குமிழும் சேர்ந்து சுத்துச்சே. உள்ள பிலிம் இருந்தாத்தானே அது சுத்தும்? எத்தனை வருஷமா உங்களோடயும் இந்த டப்பாக்களோடயும் குடித்தனம் பண்றேன்!”

“தெரிஞ்சுமா ஸ்கார்ஃபை எடுத்தே?”

“தெரிஞ்சப்புறம்தானே எடுத்தேன். முதல் படம் நீங்க திருடினது. ரெண்டாவது நான் கொடுத்தது.”